புது சாஃப்ட் கோரல்: தண்ணீருக்கு அரை மணி, வெளிச்சத்துக்கு இரண்டு வாரம்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி, வைத்திருப்பவர்களுக்குப் பவளம் பெரும்பாலும் வெளியூரிலிருந்துதான் வருகிறது. திருவனந்தபுரம் போய்க் கையோடு வாங்கி வந்தால் இரண்டு மணி நேரப் பயணம். சென்னை கொளத்தூரிலிருந்து பார்சல் என்றால் ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் கிடக்கும். வந்த லெதரோ ஸீனியாவோ (இரண்டும் சாஃப்ட் கோரல், அதாவது மென்பவள வகைகள்) இரண்டாம் நாள் சுருங்கிக் கிடந்தால், "கடைக்காரன் ஏமாத்திட்டான் மக்கா" என்பதுதான் முதல் பேச்சு. சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பாதிக்கு மேல் கோளாறு நடப்பது பை வீட்டுக்குள் வந்த பிறகுதான். டேங்க் தண்ணீருக்குப் பழக்குகிறேன் என்று மூன்று மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து, பவளம் இருக்கும் பாத்திரத்தில் சொட்டுச் சொட்டாக டேங்க் தண்ணீர் விடுகிற ஆள், முடிந்ததும் பவளத்தை நேரே விளக்குக்கு அடியில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார். தண்ணீருக்கு அவ்வளவு நேரம் தேவையே இல்லை. வெளிச்சத்துக்கு நாள்கணக்கில் வேண்டும்.

முதலில் சொட்டு விடும் விஷயம். கட்டிய பைக்குள் பவளமும் அதன் மேல் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களும் மூச்சு விட்டுக்கொண்டே வருகின்றன. கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) இறங்கும். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவும் சேரும். ஆனால் பிஎச் தாழ்ந்திருக்கும் வரை அதில் பெரும்பங்கு அதிகம் கெடுக்காத அம்மோனியம் வடிவத்திலேயே இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறுகிறது, அதே அம்மோனியம் நச்சாக மாறுகிறது. பவளப் பையில் மீன் பை அளவுக்குக் கழிவு இருக்காது என்பது ஒரு நிம்மதி. என்றாலும் ராத்திரி முழுக்கப் பயணம் செய்த தண்ணீரில் இன்னும் மூன்று மணி நேரம் ஊறப்போடுவதில் ஒரு லாபமும் இல்லை.

போதாததற்கு நம்மூர்ச் சூடு. டேங்க் 25, 26 டிகிரியில் ஓடும். வரவேற்பறையில் அகலப் பாத்திரத்தில் வைத்த இரண்டு லிட்டர் தண்ணீர் சீக்கிரமே அறையின் சூட்டுக்கு, அதாவது 30 டிகிரிக்குப் போய்விடும். பழக்குகிறோம் என்று நினைத்துக்கொண்டு டேங்கின் வெப்பத்தை விட்டு விலக்கிக்கொண்டே போகிறோம்.

செய்ய வேண்டியது சுலபம். டேங்க் விளக்கை அணைத்துவிட்டு, பையைத் திறக்காமல் பதினைந்து இருபது நிமிடம் மிதக்க விடுங்கள். விளக்கு எரியும்போது மிதக்க விட்டால் பை மேல்மட்டத்தில் இருப்பதால் முழு வெளிச்சமும் அதன் மேல்தான் விழும். அப்புறம் பையைத் திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் டேங்க் தண்ணீர் சேருங்கள். இருபது, முப்பது நிமிடம் போதும். பைத் தண்ணீர் டேங்குக்குள் போகக் கூடாது, அப்படியே கொட்டிவிடுங்கள்.

இதில் ஒரே விதிவிலக்கு உப்பு. மீன்களுக்கு ஒட்டுண்ணி வராமலிருக்கவும் உப்புச் செலவைக் குறைக்கவும் சில கடைகள் 1.021, 1.022 அடர்த்தியிலேயே தண்ணீரை வைத்திருக்கும். ரீஃப் டேங்குக்கு வேண்டியது 1.025 அல்லது 1.026. பைத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பை அளக்கும் கருவி) பாருங்கள். வித்தியாசம் 0.002க்குள் என்றால் கவலை வேண்டாம். அதற்கு மேல் போனால் மட்டும் ஒரு மணி நேரம் வரை மெதுவாகச் சேருங்கள், பாத்திரத்தை டேங்குக்குள்ளேயே மிதக்க வைத்தபடி. கருவியை ஆர்ஓ தண்ணீரில் மட்டும் சரிபார்த்துவிட்டு நம்புவதும் தப்பு. பூஜ்யத்தைச் சரியாகக் காட்டும் கருவி 35ஐத் தப்பாகக் காட்டலாம். உப்பு சரியாக 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) உள்ள திரவம் சின்னப் பாட்டிலில் கிடைக்கிறது, அதை வைத்துச் சரிபாருங்கள்.

உங்கள் டேங்கின் உப்பே நிலையாக இல்லாவிட்டால் இந்தக் கணக்கு எதுவும் பலிக்காது. சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) விலை கட்டாதவர்கள் டேங்குக்கு மேல் ஃபேன் வைத்துச் சமாளிக்கிறார்கள். ஆரல்வாய்மொழி பக்கம் காற்று அடிக்கும் மாதங்களில் ஃபேன் நன்றாகவே குளிர்விக்கும், ஆனால் தண்ணீர் மளமளவென்று ஆவியாகி உப்பு ஏறும். ஆவியான அளவுக்கு ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல. குலசேகரம் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் கதை மாறும். காற்றே ஈரமாக இருப்பதால் தண்ணீர் ஆவியாகாது, ஃபேன் சும்மா சுற்றும், வெப்பம் இறங்காது. அந்த வாரத்தில் புதுப் பவளம் வாங்காமலிருப்பது நல்லது.

கடல் பக்கத்திலேயே இருக்கிறது, பிறகு உப்பு எதற்கு விலைக்கு வாங்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. தேங்காப்பட்டணத்தில் குழித்துறை ஆறும், மணக்குடியில் பழையாறும் கடலில் சேர்கின்றன. மழைக்காலத்தில் முகத்துவாரம் பக்கம் எடுக்கும் தண்ணீரின் உப்பு நாளுக்கு ஒரு விதம். துறைமுகம் பக்கம் எடுத்தால் டீசலும் சேர்ந்து வரும். அதே போல, பாறையில் இருக்கிறதே என்று பவளத்தைப் பெயர்த்து வருவதும் கூடாது. பாறைப் பவளங்களும் கடல்விசிறிகளும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. இது வேடிக்கையாக எடுத்துக்கொள்ளும் விஷயம் இல்லை. டேங்கிலேயே வளர்த்து வெட்டிய ஃப்ராக் (சிறு துண்டு) வாங்குங்கள். டேங்க் வாழ்க்கைக்குப் பழகியது என்பதால் பிழைப்பதும் அதுதான்.

வெளிச்சம்

உண்மையில் பவளத்தைக் கொல்வது இதுதான். சாஃப்ட் கோரலின் சதைக்குள் ஸூசாந்தெல்லே என்ற நுண்பாசி வாழ்கிறது. அது ஒளிச்சேர்க்கை செய்து தயாரிக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. எவ்வளவு வெளிச்சம் வருகிறதோ அதற்கேற்ப அந்தப் பாசி தன் நிறமியைக் கூட்டும், குறைக்கும். ஆனால் அதற்கு நாட்கள் பிடிக்கும். கடையில் மங்கலான நீல விளக்கில் இருந்தது, பிறகு ஒரு ராத்திரி முழுக்கப் பெட்டிக்குள் இருட்டில் கிடந்தது. அதை உங்கள் எல்இடிக்கு நேர் கீழே வைப்பது, இருட்டறையில் கிடந்தவரை உச்சி வெயிலில் சங்குத்துறை மணலில் கொண்டுபோய் நிறுத்துவது போலத்தான். தாங்காத வெளிச்சத்தில் பாசிக்குள் ஆக்சிஜன் நச்சுகள் பெருகும். பவளம் பாசியையே வெளியே தள்ளிவிடும். வெளுத்துப் போவது என்பது அதுதான்.

எனவே முதல் நாள் விளக்கே வேண்டாம், அறை வெளிச்சம் போதும். மறுநாளிலிருந்து மணல் தளத்தில், ஏதாவது பாறையின் ஓரமாக நிழல் விழும் இடத்தில் வைத்து, விளக்கைப் பாதி அளவுக்கு இறக்குங்கள். பல எல்இடிகளில் இதற்கென்றே அக்ளிமேஷன் மோட் உண்டு. சில நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இரண்டு வாரத்தில் பழைய அளவுக்கு வரலாம். பார் (PAR) மீட்டர், அதாவது ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளக்கும் கருவி, இரவல் கிடைத்தால், பெரும்பாலான சாஃப்ட் கோரலுக்கு 50 முதல் 150 வரை போதும். மஷ்ரூம் என்ற பவள வகை அதிலும் கீழ்ப்பக்கத்தை விரும்பும். ஏற்கெனவே இருக்கும் பவளங்களுக்கு இரண்டு வாரம் வெளிச்சம் குறைந்தால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். ஒன்றும் ஆகாது.

இங்கே இன்னொரு தவறும் கூடவே நடக்கும். பவளம் சுருங்கியிருப்பதைப் பார்த்து, "வெளிச்சம் பத்தலை போல" என்று ஒரு தட்டு மேலே ஏற்றுகிறார்கள். மறுநாள் இன்னும் சுருங்கும். நீரோட்டம் போதவில்லை என்று வேவ்மேக்கருக்கு எதிரே வைக்கிறார்கள். அதற்கடுத்த நாள் வேறு மூலை. இப்படி ஒவ்வொரு நாளும் இடம் மாறினால் அது எதற்கென்று பழகும்? வைத்த இடத்தில் விட்டுவிடுங்கள்.

சுருங்குவது எல்லாம் சாவு இல்லை. முக்கியமாக லெதர். அது தலையை மூடிக்கொண்டு, மேலே மெழுகு பூசினாற்போல் பளபளவென்று ஒரு வாரம், சில சமயம் அதற்கு மேலும் இருக்கும். பிறகு அந்தத் தோலை உரித்துப் போட்டுவிட்டு முன்பைவிட நன்றாக விரியும். அந்தப் படலத்தைப் பிரஷ் வைத்துத் தேய்க்காதீர்கள். ஓரளவு நீரோட்டம் மேலே பட்டால் தானே கழன்று போகும். கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு: சதை நூல் நூலாகப் பிரிவது, பழுப்புக் கூழ் படிவது, அடித்தண்டில் கறுப்புப் பட்டு அது பரவுவது, எல்லாவற்றுக்கும் மேல் நாற்றம். வெளியே எடுத்து மோந்து பார்த்தால் தெரிந்துவிடும். அழுகிய வாடை வந்தால் அன்றைக்கே டேங்கிலிருந்து எடுத்துவிடுங்கள். லெதர் வகைகள் தண்ணீரில் கலக்கும் வேதிப்பொருள் மற்றப் பவளங்களைத் தாக்கும் என்பதால், முதல் சில வாரம் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு வைப்பது நல்லது.

டிப்

பூச்சி இல்லை என்று கடைக்காரர் எத்தனை முறை சத்தியம் செய்தாலும் டிப் செய்யாமல், அதாவது பூச்சி மருந்து கலந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கி எடுக்காமல், உள்ளே விடாதீர்கள். டேங்க் தண்ணீரில்தான் கலக்க வேண்டும், நல்ல தண்ணீரில் முக்கினால் பவளமே போய்விடும். பாட்டிலில் போட்டிருக்கும் அளவுக்கும் நேரத்துக்கும் மேல் போகாதீர்கள். களைத்து வந்த பவளத்துக்கு இரட்டை மருந்து கொடுத்தால் பூச்சியோடு அதுவும் போகும். முடிந்ததும் வேறொரு பாத்திரத்தில் டேங்க் தண்ணீர் எடுத்து அலசுங்கள். முட்டைகளை டிப் கொல்லாது, ஆகவே ப்ளக்கின் (பவளம் ஒட்டியிருக்கும் சிறு அடிக்கட்டை) அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துச் சுரண்டி எடுக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் பாருங்கள்.

ஜோவா (ஜோவாந்திட் என்ற பொத்தான் போன்ற பாலிப்) கையாளும்போது கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். கண்டிப்பாகப் பார்த்தால் அது சாஃப்ட் கோரலே இல்லை, ஆனால் கடையில் அதே வரிசையில்தான் விற்கிறார்கள். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த சிலவற்றில், குறிப்பாகப் பாலித்தோவாவில், பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் உண்டு. பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் போடுவதும் கொதிக்க வைப்பதும் வீட்டில் இருப்பவர்கள் எல்லோரையும் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடும்.

முதல் சில நாள் தீனி எதுவும் போடாதீர்கள். கோரல் ஃபுட், அயோடின், வைட்டமின் என்று பாட்டில் பாட்டிலாக ஊற்றுவதில் தண்ணீர்தான் கெடும். முன்பு மீனுக்குத் தாமிரம் கலந்த மருந்து போட்ட டேங்க் என்றால், தாமிர டெஸ்ட் கிட் வைத்துப் பார்க்காமல் பவளம் வாங்கவே வேண்டாம்.

ஒட்டுவதற்கு அவசரம் இல்லை. சூப்பர் க்ளூ ஜெல் ப்ளக்கை நன்றாகப் பிடிக்கும், வழுவழுப்பான லெதர் சதையைப் பிடிக்காது. வெட்டிய துண்டாக வந்தால் மெல்லிய வலையால் மூடியோ ரப்பர் பேண்டைத் தளர்வாகப் போட்டோ பாறையோடு வைத்துவிட்டால், ஒன்றிரண்டு வாரத்தில் தானே பிடித்துக்கொள்ளும். பாய் விரித்தாற்போல் பாறையெங்கும் பரவும் க்ரீன் ஸ்டார் பாலிப் வாங்கியிருந்தால் மட்டும் நடுப்பாறையில் ஒட்டிவிடாதீர்கள். மணலில் தனியாக ஒரு கல், அதன் மேல் வையுங்கள். ஆறு மாதத்தில் ஏன் என்று தெரியும்.