பூட்டில்லாக் கைப்பேசி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னார்குடியில் கைப்பேசி விற்பனையும் பழுதுபார்ப்புமாக நான் நடத்திவரும் கடைக்குச் சென்ற மாதம் நீடாமங்கலம் பக்கத்திலிருந்து பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் வந்தார். விடுமுறை நாள்களில் கல்யாண வீடுகளுக்குப் பந்தி பரிமாறப் போய்ச் சேர்த்த பணத்தில் பழைய ஐபோன் ஒன்றை 24,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தார். பத்து நாள் நன்றாகவே இருந்திருக்கிறது. முந்தைய இரவு மென்பொருளைப் புதுப்பித்த பிறகு, சிம்மை ஏற்க முடியாது என்ற ஆங்கில வரியுடன் அது நின்றுவிட்டது. "வாங்கும்போதே என் சிம்மைப் போட்டுப் பேசிப் பார்த்துத்தான் அண்ணே காசு கொடுத்தேன்" என்றார். சிம் தட்டை வெளியே எடுத்தேன். சிம்முக்கு அடியில், நகக்கண்ணால் நெம்பினால் மட்டுமே தனியாக வரக்கூடிய மெல்லிய தகடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதே மாதிரித் தகட்டை 2017-இல் என் கையாலேயே எடுத்திருக்கிறேன் என்பதால் அவரிடம் மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

திரையில் கீறல் இருக்கிறதா, மின்கலம் எத்தனை விழுக்காடு நிற்கிறது, ரசீது உண்டா என்பனவற்றை இன்று பள்ளிப் பிள்ளைகளும் கேட்டுத்தான் வாங்குகிறார்கள். எனவே அவற்றை விட்டுவிட்டு, எந்த நிறுவனத்தின் சிம்மையும் ஏற்கும் பூட்டில்லாக் கைப்பேசியை வாங்கும்போது விவரம் தெரிந்தவர்களும் சறுக்கும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

சிம் வேலை செய்தால் பூட்டு இல்லை என்று நம்புவது

நம் நாட்டில் கைப்பேசியைக் கடையிலும் சிம்மை வேறிடத்திலும் தனித்தனியே வாங்குவதுதான் வழக்கம். ஜியோபோன் போன்ற சில கருவிகளைத் தவிர, இங்கே விற்கப்படும் கைப்பேசிகள் பெரும்பாலும் எந்த நிறுவனத்தின் சிம்மையும் ஏற்கும். அமெரிக்காவில் முறை வேறு. அங்கே தொலைபேசி நிறுவனங்களே கைப்பேசியைத் தவணைக்கோ தள்ளுபடிக்கோ கொடுத்து, பெரும்பாலும் தவணை முடியும்வரை தங்கள் சிம்மைத் தவிர வேறெதுவும் அதில் வேலை செய்யாதபடி பூட்டிவைக்கின்றன. ஜப்பானிலும் 2021 அக்டோபரில் தடை வரும்வரை இந்தப் பழக்கம் இருந்தது. அந்த நாடுகளிலிருந்து பழைய கருவிகளாக மொத்தமாக வரும் சரக்கு, பல கைகள் மாறி, இங்கே 'வெளிநாட்டு செட்' என்ற பெயரில் நம்மிடம் வந்து சேர்கிறது.

ஐபோனைப் பொறுத்தவரை அந்தப் பூட்டு கருவிக்குள் மட்டும் இல்லை என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் விளங்கிவிடும். இந்த ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு கருவிக்கும் உரிய தனி அடையாள எண்) உள்ள கருவி இந்த நிறுவனத்துக்கு உரியது என்ற பதிவு ஆப்பிளின் கணினியில் இருக்கிறது. கருவியை முதல்முறை இயக்கும்போதும், முழுமையாக அழித்துவிட்டு மறுபடி இயக்கும்போதும் அது அந்தக் கணினியைக் கேட்டுத்தான் சிம்மை ஏற்கலாமா கூடாதா என்று முடிவு செய்கிறது. நான் சொன்ன தகடு, கைப்பேசிக்கும் நம் சிம்முக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, கேட்கும் கேள்விக்குப் பூட்டிய நிறுவனத்தின் சிம் அடையாளத்தைப் பதிலாகக் கொடுக்கிறது. அந்தப் பதிலை நம்பிக் கருவி திறந்துகொண்ட பிறகு, நம் சிம் வழக்கம்போல டவரோடு பேசுகிறது. விற்பவர் நம் கண் முன்னால் சிம்மைப் போட்டு, நாமே நம் வீட்டுக்குப் பேசி முடிக்கும்போது, பூட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அந்தத் தகடு நுழையும் மென்பொருள் ஓட்டையை ஆப்பிள் அடைத்துவிட்டாலோ, மென்பொருள் புதுப்பிக்கப்பட்டாலோ, கருவியை நாம் அழித்து மறுபடி இயக்கினாலோ, அது படம் எடுக்கவும் வைஃபையில் காணொளி பார்க்கவும் மட்டுமே பயன்படும் பொருளாகிவிடுகிறது.

2017 தீபாவளிக்கு முன்பு, சென்னையில் ஒரு மொத்த வியாபாரியிடம் மூன்று ஐபோன்களை வாங்கி வந்தேன். மூன்றிலும் சிம் போட்டுப் பேசிப் பார்த்தேன். ஒன்றை ஊரில் எல்லாரும் அறிந்த ஓர் ஆசிரியைக்கு 21,000 ரூபாய்க்கு விற்றேன். மகள் கல்லூரிக்குப் போகிறாள் என்று அவர் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்த பணம் அது. கார்த்திகை பிறப்பதற்குள் கைப்பேசி திரும்பி வந்தது. தட்டுக்குள் இருந்த தகட்டை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். மற்ற இரண்டிலும் அதுவே இருந்தது. ஆசிரியைக்குப் பணத்தை முழுவதும் திருப்பிக் கொடுத்தேன். மொத்த வியாபாரியோ, "சிம் எடுக்கிறதைப் பார்த்துத்தானே வாங்கினீங்க?" என்ற ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் பதிலை இன்றும் விற்பவர்கள் சொல்லக் கேட்கும்போது எனக்குக் கோபம் அடங்குவதில்லை. தகட்டைச் செருகிய கைக்கு அது பூட்டிய கருவி என்று தெரியும். தெரிந்தே 'அன்லாக்' என்று எழுதி விற்பது ஏமாற்றுதான். அதற்கு வேறு சொல் கிடையாது.

அந்தக் காலத்தில் வாங்குகிறவருக்கு எளிதாகக் கண்டுபிடிக்கும் வழி இருக்கவில்லை. இன்று இருக்கிறது. ஐபோனில் அமைப்புகளுக்குள் சென்று, பொது, அறிமுகம் ஆகிய பகுதிகளைத் திறந்து கீழே இறங்கினால் 'கேரியர் லாக்' என்ற வரி இருக்கும். அதற்கு நேரே 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருந்தால் மட்டுமே அது பூட்டில்லாக் கருவி. தகடு போட்ட கருவியில் சிம் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதும், இந்த வரி பூட்டப்பட்டிருப்பதாகவே காட்டும். அதைப் பார்த்த பிறகு தட்டை முழுவதுமாக வெளியே எடுத்து, உங்கள் சிம் ஒன்றைத் தவிர வேறெதுவும் அதில் இல்லை என்று விரலால் தடவிப் பாருங்கள். இவற்றுக்கும் மேலாக, விற்பவர் எதிரிலேயே கருவியை முழுமையாக அழித்து, வைஃபையில் இணைத்து, உங்கள் சிம்மோடு முதலிலிருந்து இயக்கச் சொல்லுங்கள். இதற்கு அரை மணி நேரம் ஆகும். "அதெல்லாம் எதுக்கு, நேரமாகும்" என்று தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம். ஆண்ட்ராய்டு கருவியில் வேலை இன்னும் சுலபம். இரண்டு வேறு நிறுவனங்களின் சிம்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால், பூட்டிய கருவி திறவு எண் கேட்டு நிற்கும்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள், இணையத்தில் பணம் வாங்கிக்கொண்டு பூட்டைத் திறந்து தருவதாகச் சொல்கிறவர்களிடம் இன்னொரு தொகையை இழக்க வேண்டாம். பூட்டிய நிறுவனம் மட்டுமே பதிவை மாற்ற முடியும். முதலில் வாங்கியவரின் தவணைப் பாக்கி தீர்ந்திருந்தால்தான் அதுவும் நடக்கும். முகம் தெரியாத அமெரிக்கர் ஒருவரின் பாக்கி தீர்ந்ததா என்று நீடாமங்கலத்து மாணவர் எங்கே போய் விசாரிப்பார்?

எல்லாப் பூட்டையும் ஒரே பூட்டு என்று எண்ணுவது

நிறுவனப் பூட்டு இல்லாத கருவியிலும் பழைய உரிமையாளரின் கணக்கு ஒட்டியிருக்கலாம். அவர் தம் ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கிலிருந்து வெளியேறாமல் விற்றிருந்தால், நீங்கள் கருவியை அழித்த மறுநிமிடம் அது அவருடைய கடவுச்சொல்லைக் கேட்கும். மேலே சொன்னபடி விற்பவர் முன்னிலையிலேயே அழித்துப் பார்த்தால் இதுவும் அங்கேயே தெரிந்துவிடும்.

தவணையில் வாங்கி இரண்டே மாதத்தில் விற்கப்படும் கைப்பேசிகள்தான் இப்போது நம் பக்கத்தில் அதிகம் புழங்குகின்றன. தவணை தவறினால் நிதி நிறுவனம் தொலைவிலிருந்தே திரையை முடக்கும் ஏற்பாடு இவற்றில் இருக்கலாம். முழுமையாக அழித்தாலும் அது போகாது. கடன் முடிந்ததற்கான தடையின்மைச் சான்றை ரசீதோடு சேர்த்துக் கேளுங்கள். இல்லை என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

பெட்டியைப் பிரிக்காமல் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்வது

கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கத்து இளைஞர்கள் முதல் வேலைக்குத் திருச்சி விமான நிலையத்திலிருந்து புறப்படும்போது, இங்கேயே புதுக் கைப்பேசி வாங்கி, போய்ச் சேர்ந்த பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று அப்படியே பெட்டிக்குள் வைத்துக்கொள்கிறார்கள். சாம்சங் கருவிகளில் இது பெரிய தொல்லையாக முடியும். இங்கே விற்கப்படும் அவற்றின் பல மாதிரிகளில், முதலில் இந்திய சிம் ஒன்றைப் போட்டு மொத்தம் 5 நிமிடமாவது பேசினால்தான் பிற நாட்டு சிம்மை ஏற்கும். பெட்டியின் மேல் ஒட்டிய தாளிலேயே இது அச்சிடப்பட்டிருக்கிறது. வளைகுடாவில் இறங்கி அங்கத்திய சிம்மைப் போட்டு, அது ஏற்காமல், வந்து சேர்ந்த செய்தியைத் தாயாருக்குச் சொல்ல அறைத்தோழரின் கைப்பேசியை இரவல் வாங்கிய பையன்களை எனக்குத் தெரியும். கடையிலேயே பிரித்து, உங்கள் சிம்மைப் போட்டு, ஆறேழு நிமிடம் யாரிடமாவது பேசிவிட்டு மறுபடி பெட்டியில் வையுங்கள்.

அலைவரிசையைப் பார்க்காமல் வாங்குவது

பூட்டு எதுவும் இல்லாத நல்ல கருவியும் உங்கள் ஊரில் ஊமையாகலாம். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி இரண்டும் கிடையாது. அழைப்பும் 4ஜி வழியாகவே, வோல்ட்டி முறையில்தான் போகும். வெளிநாட்டுக் கருவியில் அந்த நிறுவனத்துக்கான வோல்ட்டி வசதி சேர்க்கப்பட்டிருக்காவிட்டால், இணையம் தடையின்றி வரும், பேச மட்டும் முடியாது. ஏர்டெல் சிம்மாக இருந்தால் அழைப்பு 2ஜிக்கு இறங்கியாவது போகும். அதனால் ஒரு சிம்மில் பேசிப் பார்த்துவிட்டு எல்லாவற்றிலும் பேசலாம் என்று முடிவு செய்யாதீர்கள்.

அலைவரிசைகளைப் பட்டைகளாகப் பிரித்து எண் இட்டிருக்கிறார்கள். 4ஜியில் ஜியோ 3, 5, 40 ஆகிய பட்டைகளையும், பி.எஸ்.என்.எல். 700 மெகாஹெர்ட்ஸிலுள்ள 28-ஆம் பட்டையையும் 2100-இலுள்ள 1-ஆம் பட்டையையும் பயன்படுத்துகின்றன. 700 போன்ற தாழ்ந்த அலைவரிசை நெடுந்தூரம் போகும், சுவருக்குள்ளும் நுழையும். டவருக்கு டவர் வயல்வெளியாகக் கிடக்கும் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து உட்கிராமங்களிலும், வேதாரண்யம், கோடியக்கரை வரையுள்ள கடலோரத்திலும் அதன் அருமை தெரியும். 28 இல்லாத கருவியோடு பி.எஸ்.என்.எல். சிம்மை நம்பிப் பம்புசெட்டுக்குப் போகிறவர், டவர் சரியில்லை என்று அந்த நிறுவனத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். மாதிரி எண்ணை இணையத்தில் தேடினால், அது எந்தெந்தப் பட்டைகளை ஏற்கும் என்று கிடைத்துவிடும். பெயர் ஒன்றாக இருந்தாலும் நாட்டுக்கு நாடு மாதிரி எண் மாறும். ஆகவே பெயரைத் தேடாமல், பின்புறத்திலோ அமைப்புகளிலோ உள்ள எண்ணையே தேடுங்கள்.

சிம் தட்டு இல்லாத ஐபோன்

அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-இலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் சிம் தட்டே கிடையாது. உங்கள் நிறுவனம், அட்டையில்லாமல் கருவிக்குள்ளேயே பதியும் இ-சிம் தருகிறதா என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

சீனச் சந்தைக்கான பதிப்பு

வாங்க வேண்டாம்.

ஐ.எம்.இ.ஐ. எண்ணைச் சரிபார்க்காமல் விடுவது

*#06# என்று அழுத்தினால் 15 இலக்க எண் வரும். இரண்டு சிம் கருவியில் இரண்டு எண்கள் வரும். அவை பெட்டியில் உள்ளவற்றோடு ஒத்துப்போக வேண்டும். பிறகு, கே.ஒய்.எம். (KYM) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் தட்டி 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் இதைப் பார்க்கலாம். திருட்டுப் போனதாகப் பதிந்து முடக்கப்பட்ட கருவி, இந்தியாவில் எந்த நிறுவனத்தின் சிம்மிலும் வேலை செய்யாது.

அவசர வேலை இருக்கும் நாளில் சிம்மை மாற்றுவது

கருவி சரியாக இருந்தும் எண்ணை அதற்கு மாற்றும்போது தடுமாறுகிறவர்கள் நிறைய. சிம் அட்டையை மாற்றி வாங்கினால், பழைய அட்டையை இ-சிம்மாக மாற்றினாலும்கூட, மோசடியைத் தடுக்கும் பொருட்டு முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி நிறுத்திவைக்கப்படும். வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் அந்த நேரத்தில் வராது. கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுவிட்டு, வங்கிக் கணக்கில் பணம் ஏறும் செய்திக்காகக் காத்திருக்கும் தை, மாசி மாதத்தில்தான் கையில் காசு வரப்போகிறது என்ற தெம்பில் பலர் புதுக் கைப்பேசியும் வாங்குகிறார்கள். அறுவடை இயந்திரத்துக்கு வாடகை அனுப்ப வேண்டிய நாளில் சிம்மை மாற்றிவிட்டு, கடவுச்சொல் வரவில்லை என்று என் கடைக்கு ஓடி வருகிறார்கள். இன்னொன்றும் உண்டு: 2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றிய 7 நாள்களுக்குள் அந்த எண்ணை வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது. நிறுவனம் மாற நினைத்தால், அதை முதலில் முடித்துவிட்டு வாருங்கள்.

சிம் யார் பெயரில் என்று பார்க்காமல் அட்டையை வெட்டுவது

பாபநாசத்திலிருந்து வந்த ஓர் அம்மா, பழைய பித்தான் கைப்பேசியிலிருந்து பெரிய சிம்மை எடுத்து, புதுக் கருவியின் சிறிய தட்டுக்கு ஏற்ப வேறொரு கடையில் வெட்டச் சொல்லியிருக்கிறார். வெட்டு உலோகப் பகுதியில் விழுந்து அட்டை பாழாகிவிட்டது. புது அட்டை கேட்டுப் போனபோதுதான், பல ஆண்டுகளுக்கு முன்பு அதைத் துபாயில் இருக்கும் தம்பி மகன் பெயரில் வாங்கியது தெரிந்தது. அடையாளச் சரிபார்ப்புக்கு அவர் நேரில் வர வேண்டும் என்றார்கள். வங்கி, ரேஷன், எரிவாயு எல்லாமே அந்த எண்ணில் இருந்தன. அட்டை வேலை செய்துகொண்டிருக்கும்போதே உரிமையைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டு, அதன் பிறகு சிறிய அட்டையை நிறுவனத்திடமே கேட்டு வாங்கியிருந்தால் இந்த அலைச்சல் இல்லை. உங்கள் பெயரில் எந்தெந்த எண்கள் இருக்கின்றன என்பதையும் சஞ்சார் சாத்தியில் பார்க்கலாம். உங்கள் சொந்த எண் அந்தப் பட்டியலில் வராவிட்டால், முதல் வேலையாக அதைச் சரிசெய்யுங்கள். அந்த அம்மாவுக்கு எண் திரும்பக் கிடைத்தது, தம்பி மகன் விடுப்பில் ஊர் வந்த பிறகுதான். அதற்கு நான்கு மாதம் ஆயிற்று.