ஸ்பீக்கர் பெட்டியில் வந்த ‘புஸ்’ சத்தத்தை நிறுத்திய கதை

எட்டு இன்ச் ஊஃபருக்கு (பேஸ் ஒலி தரும் ஸ்பீக்கர்) 18 மி.மீ. பிளைவுட்டில் ஒரு மூடிய பெட்டி செய்தேன், உள்ளளவு 24 × 25 × 34 செ.மீ., அதாவது சுமார் 20 லிட்டர். மரவேலை எனக்குப் புதிது என்பதால் பலகைகளைக் கடையிலேயே வெட்டி வாங்கினேன், அதில் ஒன்று மூலைமட்டத்துக்கு நிற்கவில்லை. பாட்டு போட்டால் பேஸ் வரும்போதெல்லாம் ‘புஸ் புஸ்’ என்று ஒரு சத்தம்.

பெட்டியின் இடுக்குகளில் காற்று கசிவதால் வரும் சத்தம் அது. கசிவைக் கண்டுபிடிக்க ஊதுபத்தி போதும். போனை ஆம்பிளிஃபயரில் மாட்டி 30 ஹெர்ட்ஸ் டோன் (மிகத் தாழ்ந்த ஒலி) ஒன்றை ஓடவிட்டு (ஒலியைக் குறைவாகவே வையுங்கள், ஊஃபர் போனால் செலவு), இணைப்புகளை ஒட்டிப் புகையை மெல்ல நகர்த்தினால் ஓட்டை இருக்கும் இடத்தில் புகை துடிக்கும். எனக்குப் பின்பக்க மூலையிலும் ஒயர் டெர்மினலைச் சுற்றியும் துடித்தது.

ஊஃபரைக் கழற்றி, ஃபெவிக்காலில் மரத்தூளைச் சப்பாத்தி மாவு பதத்துக்குக் குழைத்து, உள்மூலைகள் எல்லாவற்றிலும் விரலால் அப்பி ஒரு ராத்திரி காயவிட்டேன். டெர்மினலுக்கும் ஊஃபர் விளிம்புக்கும் அடியில் கதவு இடுக்கில் ஒட்டுகிற ஃபோம் டேப். சிலிக்கான் போட்டால் அப்புறம் கழற்றுவது பெரும்பாடு.

கையோடு பக்கப் பலகைகளைத் தட்டிப் பார்த்தேன், ‘டொம்’ என்று நீளமாக ஒலித்தது. சரி என்று இரண்டுக்கும் இடையே ஒரு ரீப்பர் கட்டையை, நட்டநடுவில் இல்லாமல் கொஞ்சம் தள்ளி, முட்டுக்கொடுத்து ஒட்டினேன். இப்போது ‘டக்’ என்று அடங்கிவிடுகிறது.

ஊஃபரின் கூம்பை (கோன்) விரல்களால் அழுத்திச் சற்றுப் பிடித்துவிட்டு விட்டால், துள்ளாமல் மெல்லத் திரும்புகிறது, பெரிய கசிவு இல்லை என்பதற்கு அது ஓர் அடையாளம். பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை.