தமிழ் ஸ்கிரிப்ட்டின் நேரக் கணக்கு: நான் சரிசெய்த விதம்

குறும்படப் பயிற்சிப் பட்டறையில் பத்து நிமிடப் படத்துக்கு ஸ்கிரிப்ட் எழுதச் சொன்னார்கள். ஒரு பக்கம் என்றால் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது அங்கே சொல்லித்தந்த முதல் கணக்கு. ஆனால் அது எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் இருக்கும் கூரியர் எழுத்துருவில், 12 பாயிண்ட் அளவில், ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு ஹாலிவுட்டில் உருவான வழக்கம். தமிழ் எழுத்துருவில் ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு அகலம், சொற்களும் நீளம், அதனால் என் ஸ்கிரிப்ட் பதினைந்து பக்கத்தைத் தொட்டது. எதை வெட்டுவது என்றே புரியவில்லை.

அப்புறம் பக்கத்தை எண்ணுவதை விட்டுவிட்டு, போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு ஒவ்வொரு காட்சியையும் வாய்விட்டுப் படித்தேன். வசனத்தைப் பேசும் வேகத்திலேயே படிக்கணும், செயல் வரிகளை நடித்தே பார்க்கணும். ஏனென்றால் "அப்பா சட்டைப்பையில் சில்லறையைத் தேடி, டீக்கு எண்ணிக் கொடுக்கிறார்" என்பது தாளில் ஒரே வரி, நடித்தால் இருபது விநாடி போகிறது. அரைப் பக்கத்தை அடைத்துக்கொண்டிருந்த வாக்குவாதமோ சடசடவென்று முடிந்துவிடுகிறது. 'உள், டீக்கடை, காலை' என்ற காட்சித் தலைப்புக்குப் பக்கத்திலேயே விநாடியைக் குறித்து வைத்தேன்.

குறித்ததும் வெட்ட வேண்டிய இடம் தானாகத் தெரிந்தது. அப்பாவுக்கு வேலை போனதை மகன் நண்பனிடம் விளக்கும் காட்சி ஒன்று இருந்தது, அதை முழுசாகவே எடுத்துவிட்டேன். அந்தச் சில்லறையே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது, அதைவிட நல்ல வசனம் எனக்குக் கிடைக்காது.

வசனம் அதிகமுள்ள காட்சிகளை மட்டும் இரண்டு பேராகப் படியுங்கள். ஒரே ஆள் படித்தால் பதிலுக்கு முன் வரும் இடைவெளி காணாமல் போய், நேரம் குறைவாகக் காட்டும்.