அந்தி வானமும் எக்ஸ்போஷரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில், புதிதாகப் படமெடுக்கப் பழகும் சிலரோடு மாலை வெளிச்சத்துக்காகக் கடற்கரையில் காத்திருந்தேன். தொடக்கத்தில் நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்வதைப் பார்த்த பிறகு, இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. தொடுவானம் சாய்வது, கேமரா ஆடுவது போன்றவற்றை எவரும் தாமாகவே கண்டுகொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

சிவப்பைத் தனியே பார்க்காதது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். படத்தின் வெளிச்சப் பரவலை இடப்பக்க இருளிலிருந்து வலப்பக்க ஒளிவரை காட்டும் வரைபடமான ஒற்றை வெள்ளை ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தை முட்டவில்லை என்றதும் நிம்மதியடைந்துவிடுகிறார்கள். அது மூன்று நிறங்களையும் கலந்து போடும் கணக்கு. வழக்கமான ஒளிர்வுக் கணக்கில் பச்சைக்கு ஏறத்தாழ 59 சதவீதமும், சிவப்புக்கு 30 சதவீதமும், நீலத்துக்கு 11 சதவீதமும் பங்கு உண்டு. அந்தி வானத்தில் மிகுந்திருப்பதோ சிவப்பு. அது ஒரு நிறத்துக்கான உச்ச அளவான 255ஐத் தொட்டு நின்றுவிட்ட பிறகும் வரைபடம் பத்திரமாகவே தோன்றும். அதற்குமேல் ஏற வழியின்றிச் சிவப்பு நிற்க, பச்சை மட்டும் 140இலிருந்து 210க்கு ஏறினால் ஆரஞ்சு மஞ்சளாகிவிடும்.

மழை ஓய்ந்த ஒரு மாலையில், மேகங்களின் அடிப்புறமெல்லாம் செம்பாகத் தகதகத்த இருபது நிமிடங்களை நான் கேமராவே சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக்கில் மட்டும் எடுத்தேன். கணினியில் திறந்தபோது, சூரியனைச் சுற்றிச் செம்பும் ஆரஞ்சும் மெல்லக் கரைந்திருக்க வேண்டிய இடத்தில், ஓரம் கத்தரித்தாற்போல் ஒரே மஞ்சள் திட்டு இருந்தது. வெளிச்சத்தைக் குறைத்தபோது மஞ்சள் அழுக்கேறியதே தவிர, நிறம் திரும்பவில்லை.

மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமை வைத்துக்கொண்டு, சிவப்பின் முகடு வலது ஓரத்தை விட்டு விலகும் வரை எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியவிடும் ஒளியின் அளவை, குறையுங்கள். பெரும்பாலும் ஒரு ஸ்டாப் (ஒளியை இருமடங்காக்கும் அல்லது பாதியாக்கும் அளவு) குறைத்தாலே போதும். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் எடுத்தாலும் கேமரா காட்டுவது பெரும்பாலும் ஜேபெக் முன்னோட்டத்தின் வரைபடத்தையே. படத்தின் நிறச்சாயலை மாற்றும் ஒயிட் பேலன்ஸில் 'நிழல்' போன்ற தேர்வு அதில் சிவப்பை இன்னும் உயர்த்திக் காட்டும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சூரிய வட்டின் வெளிச்சத்தையே அளப்பது

வட்டு வெளுக்கத்தான் செய்யும். அதைக் காப்பாற்றப் போனால் மற்ற அனைத்தும் கறுத்துவிடும் என்பதால், சூரியனுக்குப் பக்கத்து வானத்தை அளந்து, எக்ஸ்போஷரைப் பூட்டி, பிறகு சட்டகத்தை அமையுங்கள்.

பின்திரையின் பிரகாசத்தை நம்புவது

இருட்டில் எந்தத் திரையும் பிரகாசமாகத்தான் தெரியும்.

நிழலைப் பிறகு தூக்கலாம் என்றிருப்பது

நான்கு ஸ்டாப் தூக்கிய நிழலில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல்தான் மிஞ்சும். முன்நிலம் நிழலுருவமாக வேண்டுமா, விவரத்தோடு வேண்டுமா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். விவரம் வேண்டுமென்றால் முக்காலியில் வைத்து, இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படங்கள் எடுத்து இணையுங்கள்.

ஒருமுறை அளந்ததோடு விட்டுவிடுவது

வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் இறங்குகிறது. அமைப்புகளைத் தாமே மாற்றும் மேனுவலில் எடுப்பவர்கள் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மீண்டும் அளக்க வேண்டும். சூரியன் மறைந்ததும் பையைக் கட்டிவிடவும் வேண்டாம்: வானத்துக்கும் நிலத்துக்கும் இடையிலான வேறுபாடு அப்போதுதான் சுருங்கத் தொடங்குகிறது, சற்று நேரத்தில் இரண்டும் ஒரே படத்தில் அடங்கும் அளவுக்கு வந்துவிடும்.