போத்தல் கூண்டில் யாரோ கை வைக்கிறார்களா? இப்படிச் செய்யுங்கள்

அட்டன் பக்கம் எங்கள் தோட்டத்தில், கோயில் முச்சந்தியில் கம்பி வலையடித்து ஒரு கூண்டு வைத்தோம். பிளாஸ்டிக் போத்தல், பியர் டின், துருப்பிடித்த தகரம் எல்லாம் அதில் சேரும், நிறைந்ததும் பழைய இரும்புக் கடையில் நிறுத்துப் போட்டு அந்தக் காசைத் திருவிழாவுக்கு எடுப்பது என்று ஏற்பாடு. மூன்றாம் வாரமே டின் மட்டும் காணோம். போத்தல் அப்படியே கிடக்கிறது. எடுத்த ஆளுக்கு விலை தெரிந்திருக்கிறது.

"குப்பைதானே, விடுங்கப்பா" என்று நாலு பேர் சொல்வார்கள். விடாதீர்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 366ஆம் பிரிவு, ஒருவர் கைவசம் இருக்கிற பொருளை அவர் சம்மதமில்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு நகர்த்தினாலே களவு என்கிறது; வீடு வரைக்கும் கொண்டுபோயிருக்க வேண்டும் என்றில்லை. 367இல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆனால் "கைவசம்" என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. கானில் எறிந்த போத்தல் யார் கைவசமும் இல்லை, அதைப் பொறுக்கிப் பிழைக்கிற பாட்டியைப் போய் மிரட்டாதீர்கள்.

அதனால் முதல் வேலை, கூண்டு யாருடையது என்று தமிழிலும் சிங்களத்திலும் பெயின்டால் பெரிதாக எழுதுவது. கோயில் சபைக் கூட்டக் குறிப்பிலும் ஒரு வரி போட்டுவிடுங்கள். அப்புறம் வாராவாரம் நிறுத்து, கிலோவைக் கொப்பியில் எழுதி, போனில் ஒரு படம். எங்களிடம் இது எதுவும் இருக்கவில்லை, பொலிசில் "எவ்வளவு போனது?" என்று கேட்டபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

உள்ளூராட்சிச் சபை லொறி சேகரித்துவிட்ட குப்பை என்றால் கதை வேறு, அது அந்தச் சபையின் சொத்து. பிரதேச சபைச் சட்டத்தில் 94ஆம் பிரிவு, நகர சபைக்கு 119, மாநகர சபைக்கு 130. சபையின் தொட்டியில் கை வைத்தால் சபையிடமே எழுதிக் கொடுங்கள். தோட்டத்துக்குச் சபை வராது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கு: தோட்டத்துக்குள்ளும் சேவை செய்ய 2018இலேயே சட்டத்தைத் திருத்தியாயிற்று.

பொலிசில் முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். சிங்களத்தில் எழுதிவிட்டால், வாசித்து விளக்கும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். களவுப் பொருள் என்று தெரிந்தே வாங்குகிற கடைக்காரருக்குத் தண்டனைச் சட்டக்கோவையில் 394ஆம் பிரிவு இருக்கிறது, இதை முதலிலேயே அவர் காதில் போட்டு வையுங்கள், பாதி வேலை அதிலேயே முடியும். ஆள் பிடிபட்டால் அடிக்க வேண்டாம், பிறகு காயப்படுத்தியதற்கான 314ஆம் பிரிவில் நீங்கள்தான் நிற்பீர்கள்.

நாங்கள் கூண்டின் வாயை ஒரு போத்தல் நுழையும் அளவுக்குச் சுருக்கி, பூட்டும் போட்டோம். ஒரு சாவி பூசாரியிடம், மற்றது எங்கள் வீட்டு ஆணியில்.