ஆளைப் பார்க்காதீர்கள், டிக்கெட்டைப் பாருங்கள்: அஜைல் டீம்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மென்பொருள் டீமின் காலை ஸ்டாண்ட்அப், அதாவது நின்றபடியே நடக்கும் தினசரிச் சிறு கூட்டம். எட்டுப் பேர் நிற்கிறார்கள். "நேத்து லாகின் ஸ்கிரீன் பண்ணேன், இன்னைக்கும் அதேதான், பிளாக்கர் எதுவும் இல்லை" என்று ஒருவர் முடிக்க, அடுத்தவர் ஆரம்பிக்கிறார். பேசுகிற எல்லார் கண்ணும் மேனேஜர் பக்கமே இருக்கிறது. எந்த வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று வரிசை வரிசையாகக் காட்டும் போர்டில், இன்னொருவர் கோடைச் சரிபார்க்க வேண்டிய ரிவ்யூ வரிசையில் ஒரு டிக்கெட் (ஒரு வேலைக்கான சீட்டு) ஆறு நாளாகக் கிடக்கிறது. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கோட் எழுதியவர் "ரிவ்யூவுக்குக் கொடுத்துட்டேன்" என்று சொன்னதோடு அவர் கணக்கு முடிந்தது. ரிவ்யூ செய்ய வேண்டியவருக்கோ தன் டிக்கெட்டே தலைக்கு மேல் கிடக்கிறது.

நான் வேலை பார்த்த டீம்களில் திரும்பத் திரும்பப் பார்த்த காட்சி இது. அஜைலில், அதாவது வேலையைச் சிறு சிறு துண்டுகளாக முடித்துக் கொடுக்கும் முறையில், நாம் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன என்பது என் எண்ணம். வேலை எங்கே நிற்கிறது என்று பார்க்காமல், யார் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பார்க்கிறோம்.

ஸ்டாண்ட்அப்பையே எடுத்துக்கொள்வோம். பரவலான அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரமின் அதிகாரப்பூர்வ வழிகாட்டி, ஸ்க்ரம் கைடு, இதற்குக் கொடுப்பது 15 நிமிடம். டெவலப்பர்கள் அன்றைய வேலையைத் தங்களுக்குள் திட்டமிட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம். நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன என்ற மூன்று கேள்விகளைப் பலர் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் 2020 பதிப்பிலேயே அவற்றை எடுத்துவிட்டார்கள். ஆள் ஆளாகக் கேட்பதை நிறுத்திப் பாருங்கள். போர்டின் கடைசி வரிசையில், முடிவுக்கு மிக அருகில் இருக்கும் டிக்கெட்டில் ஆரம்பியுங்கள். "இது இன்னைக்கு முடிய யாருடைய உதவி வேணும்?" என்று கேளுங்கள். பிறகு அதற்கு முந்தைய வரிசைக்கு வாருங்கள். ஆறு நாள் கிடந்த டிக்கெட் முதல் நிமிடத்திலேயே கண்ணில் படும்.

அடுத்த தவறுதான் எனக்கு மிகப் பெரியதாகப் படுகிறது: யாரும் சும்மா இருக்கக் கூடாது என்ற பதற்றம். கை காலியானதும் புது டிக்கெட்டை எடுத்துவிடுகிறோம். எல்லாரும் பிஸி, ஆனால் ஒன்றும் முடிவதில்லை. இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி அது. சராசரியாகக் கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, ஒரு நாளைக்கு முடியும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை முடிய எத்தனை நாள் ஆகும் என்று தெரிந்துவிடும். டீம் நாளைக்கு 2 டிக்கெட் முடிக்கிறது, 16 டிக்கெட் திறந்திருக்கிறது என்றால், ஒவ்வொன்றும் சராசரியாக 8 நாள் இழுக்கும். அதே வேகத்தில், திறந்திருப்பதை 8 ஆகக் குறைத்தால் 4 நாள். யாரும் கூடுதலாக ஒரு மணி நேரம்கூட உட்கார வேண்டியதில்லை. ஆகவே ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு வரம்பு வையுங்கள். ரிவ்யூவில் 3-க்கு மேல் சேர்ந்தால், புது வேலை எடுக்காமல் யாராவது ரிவ்யூ செய்ய வேண்டும். முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டோரி பாயிண்டை, அதாவது ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று டீம் குத்துமதிப்பாகப் போடும் எண்ணை, வைத்து ஆளை அளப்பது இன்னொன்று. இந்த டீம் 40, அந்த டீம் 25 என்று ஒப்பிட ஆரம்பித்த அன்றே, 3 பாயிண்ட் வேலை 5 ஆகிவிடும். அது மனித இயல்பு, யாரையும் குறை சொல்ல முடியாது. ஸ்க்ரம் கைடில் ஸ்டோரி பாயிண்ட் என்ற சொல்லே கிடையாது. அதைத் தான்தான் கண்டுபிடித்திருக்கக்கூடும், அப்படியானால் அதற்காக இப்போது வருந்துகிறேன் என்று அஜைல் முன்னோடிகளில் ஒருவரான ரான் ஜெஃப்ரிஸ் எழுதியிருக்கிறார். ஒரு வேலை பெரிதா சிறிதா என்று டீமுக்குள் பேசிக்கொள்ள அது உதவும். அதற்கு மேல் வேண்டாம்.

அப்புறம், வேலையைப் பிரிக்கிற விதம். பாஸ்வேர்டு மாற்றும் வசதி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டேட்டாபேஸ் ஒருவருக்கு, அதையும் ஸ்கிரீனையும் இணைக்கும் ஏபிஐ ஒருவருக்கு, ஸ்கிரீன் ஒருவருக்கு என்று பிரித்தால் மூன்று டிக்கெட் வரும். இரண்டு முடிந்தாலும் பயனருக்கு எதுவும் கிடைக்காது. ஆளுக்கு ஏற்றபடி வேலையை வெட்டியதன் விளைவு இது. மாறாக, மெயிலில் வரும் லிங்க் வழியாகப் பாஸ்வேர்டு மாற்றுவது முதல் டிக்கெட். லிங்க் காலாவதியானால் என்ன காட்டுவது என்பது இரண்டாவது. போனுக்கு ஓடிபி அனுப்புவது மூன்றாவது. முதல் டிக்கெட் முடிந்த அன்றே ரிலீஸ் செய்யலாம். 2001 பிப்ரவரியில் யூட்டாவில் 17 பேர் கூடி உருவாக்கிய அஜைல் அறிக்கையின் கொள்கைகளில் ஒன்று, முன்னேற்றத்தை அளக்கும் முதன்மையான அளவுகோல் இயங்கும் மென்பொருள்தான் என்கிறது. ‘என் பகுதி முடிந்தது’ என்பது அந்த அளவுகோலில் வராது. எது வரை போனால் ஒரு டிக்கெட் முடிந்ததாக அர்த்தம் என்று டீம் உட்கார்ந்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

ரெட்ரோ பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஸ்பிரிண்ட், அதாவது சில வார வேலைச் சுற்று, முடிந்ததும் எதை மேம்படுத்தலாம் என்று டீம் பேசும் கூட்டம் அது. பல டீம்களில் 12 யோசனைகள் எழுதுவார்கள், அடுத்த ரெட்ரோ வரை ஒன்றையும் யாரும் தொட மாட்டார்கள். ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அடுத்த ஸ்பிரிண்ட் போர்டில் டிக்கெட்டாகவே போட்டுவிடுங்கள். ஆளைக் குறிவைத்துப் பேச்சு போனால் வாய் அடைத்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரு டீமில் ஸ்பிரிண்ட் தவறும்போதெல்லாம் "டெஸ்டிங் லேட்" என்றே எழுதிக்கொண்டிருந்தோம். டெஸ்டர் ஒரே ஒருவர்தான், ரெட்ரோவில் பேசவே மாட்டார். ஒருமுறை யார் லேட் என்று கேட்காமல், எந்த டிக்கெட் எந்த நாளில் டெஸ்டிங்குக்கு வந்தது என்று மட்டும் வரிசையாக எழுதினோம். பத்தில் ஏழு, ஸ்பிரிண்ட் முடிவதற்கு முந்தைய நாள் மாலை வந்திருந்தன. அவர் மெதுவாக, "ரெண்டு, ரெண்டா வந்தா நான் முடிச்சிடுவேன்" என்றார். அடுத்த ஸ்பிரிண்டிலிருந்து, டெஸ்டிங்கில் இரண்டு நின்றால் மூன்றாவதை அனுப்பக் கூடாது, டெவலப்பர்களே உட்கார்ந்து டெஸ்ட் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தோம். அதற்குப் பிறகு எங்கள் ரெட்ரோவில் முதலில் பேச ஆரம்பிப்பவர் பெரும்பாலும் அவராகத்தான் இருந்தார்.