சொகுசுக் காரின் உண்மையான மைலேஜை நீங்களே கணக்கிடுவது எப்படி?

செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆறு சிலிண்டர் பெட்ரோல் கார் என்னுடையது. அதை நிறுத்திவிட்டு இறங்கினால், வாட்ச்மேன் முதல் மூன்றாம் மாடி மாமா வரை கேட்பது ஒன்றுதான்: "லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?" ரொம்ப நாள் டிஸ்ப்ளேயில் தெரிந்த எண்ணையே சொல்லிக்கொண்டிருந்தேன். இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வழியாக இவ்வளவு பெட்ரோல் போயிருக்கும் என்று கம்ப்யூட்டர் போடும் மதிப்பீடு அது. பெரும்பாலும் நமக்குச் சாதகமாகவே காட்டும். பங்க் பில்லை வைத்து நாமே கணக்குப் போடுவதுதான் சரி. அதற்கு பில், ட்ரிப் மீட்டர், ஒரு சின்ன நோட்டு போதும்.

முதல் வேலை டயர் காற்று. காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் சூடாகாதபோது பாருங்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணிலோ, பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கும். எஸ் கிளாஸ், செவன் சீரிஸ் மாதிரி வண்டிகள் இரண்டு டன் அளவுக்கு எடை கொண்டவை. காற்று குறைந்தால் மைலேஜும் குறையும்.

அடுத்து ஃபுல் டேங்க். பெட்ரோல் போடும் துப்பாக்கி தானாக 'டக்' என்று நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். "ரவுண்டா போட்டுடலாமா சார்?" என்று கட்டாயம் கேட்பார்கள். வேண்டாம். அதற்கு மேல் ஊற்றினால் கணக்கும் கெடும், ஆவியைப் பிடிக்கும் கேனிஸ்டருக்குள் பெட்ரோல் போய் செலவும் வைக்கும். பில்லை வாங்கிக்கொண்டு ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். ட்ரிப் கம்ப்யூட்டரில் சராசரி வேகத்தையும் பூஜ்யமாக்க மறக்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இனி வழக்கம்போல ஓட்டுங்கள். சோதனை நடக்கிறதே என்று ஆக்சிலரேட்டரைத் தடவிக்கொண்டு போனால் அது உங்கள் மைலேஜ் ஆகாது. டேங்கில் முக்கால் பங்காவது காலியாகட்டும். இருபது லிட்டர் மட்டும் நிரப்பிக் கணக்குப் போட்டால், துப்பாக்கி ஒரு லிட்டர் முன்னே பின்னே நின்றாலே ஐந்து சதவீதப் பிழை. அறுபது லிட்டரில் அதே பிழை இரண்டு சதவீதத்துக்குள் அடங்கிவிடும்.

பிறகு அதே பங்க், முடிந்தால் அதே பம்ப், அதே முதல் 'டக்'. ஓடிய கிலோமீட்டரை இப்போது நிரப்பிய லிட்டரால் வகுங்கள். எனக்கு 402 கி.மீ., 60 லிட்டர். அதாவது 6.7. டிஸ்ப்ளே 7.1 என்றது.

இப்போது சராசரி வேகம். நோட்டில் மைலேஜுக்குப் பக்கத்திலேயே இதையும் எழுதுங்கள். சென்னையில் இது இல்லாத மைலேஜ் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது என்பது என் கருத்து. அந்த 6.7, மெட்ரோ வேலை நடக்கும் ஓ.எம்.ஆரில் ஆபீஸ் போய் வந்தது. சராசரி வேகம் 17. அதே கார் ஜி.எஸ்.டி. ரோடு வழியாகத் திருச்சி போய்த் திரும்பியபோது 660 கி.மீ.க்கு 55 லிட்டர், அதாவது 12. சராசரி வேகம் 68. பெரிய இன்ஜின் ஏசியோடு சும்மா நின்றாலே மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கும். சிக்னலில் இன்ஜினை அணைக்கும் ஸ்டார்ட் ஸ்டாப் வசதி இருக்கிறதே என்பீர்கள். அக்னி நட்சத்திரத்தில் ஏசி கம்ப்ரஸர் ஓடியாக வேண்டும், ஆகவே அது பெரும்பாலும் வேலை செய்யாது. ஹைவேயில் பிரச்சினை வேறு: காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80லிருந்து 120க்குப் போனால் அது இரண்டேகால் மடங்கு.

இரண்டு எண்களையும் கூட்டி இரண்டால் வகுத்துவிடாதீர்கள், நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். 240 கி.மீ. ஊருக்குள் 6 கொடுத்தால் 40 லிட்டர்; இன்னொரு 240 கி.மீ. ஹைவேயில் 12 கொடுத்தால் 20 லிட்டர். மொத்தம் 480 கி.மீ., 60 லிட்டர். சராசரி 9 அல்ல, 8.

சரி, கம்பெனி சொன்ன எண்ணோடு ஒப்பிட்டு மனம் உடையாதீர்கள். வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் அராய் (ARAI) அமைப்பின் சோதனை, ஆய்வகத்தில் உருளைகள் மேல், ஏசி இல்லாமல், அதிகபட்சம் மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் நடப்பது. வெளிநாட்டு விமர்சனங்களில் கேலனுக்கு இத்தனை மைல் என்ற கணக்கு வந்தால், அமெரிக்க எண்ணை 0.425ஆலும் பிரிட்டிஷ் எண்ணை 0.354ஆலும் பெருக்குங்கள். அமெரிக்காவின் 20 நமக்கு 8.5. அப்புறம் இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்: லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய வண்டியில் ஆறு ஏழு சதவீதம் அதிலேயே போய்விடலாம்.

பில்லில் உள்ள லிட்டர் மேலேயே சந்தேகம் வந்தால், பங்கிலேயே முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுக்கலன் இருக்கும். அதில் பிடித்துக் காட்டச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

போன வாரம் மூன்றாம் மாடி மாமா மறுபடியும் கேட்டார். நோட்டைத் திறந்து இரண்டு வரிகளையும் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு 6.7ஐயே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆபீஸுக்கு பஸ்ல போயேம்ப்பா" என்றார்.